கென் கிரிஃபி ஜூனியர்: காயங்கள் பறித்தது ஹோம் ரன்களையா, சென்டர் ஃபீல்டையா?

இளவழகன் எழுதியது:

அமெரிக்க பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது ஒரே தடத்தில் போய் நின்றுவிடுகிறது. 630 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ரன் எடுப்பது) அடித்தவர் காயமின்றி ஆடியிருந்தால் முந்தைய தலைமுறை வீரர் ஹாங்க் ஆரனின் 755-ஐத் தாண்டியிருப்பார் என்று ஒருவர் சொல்வார். நடக்காததைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று இன்னொருவர் மறுப்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இந்த எண்ணிக்கைச் சண்டையில் அவர் உண்மையில் எதை இழந்தார் என்பது மறைந்துபோகிறது என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுவதால், அதை நிதானமாகப் பேச இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவரை அதிகம் அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். 1969 நவம்பர் 21 அன்று பென்சில்வேனியாவின் டொனோராவில் பிறந்தார். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1987 டிராஃப்டின் முதல் தேர்வாக அவரைச் சியாட்டில் மரினர்ஸ் அணி எடுத்தது. 1989 ஏப்ரலில், 19 வயதில், பேஸ்பாலின் மிக உயர்ந்த நிலையான மேஜர் லீக்கில் ஆடத் தொடங்கினார். 1970களில் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்காகப் பெயர் பெற்ற அவருடைய தந்தை கென் கிரிஃபி சீனியர் 1990-இல் மரினர்ஸுக்கு வந்துசேர, அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று தந்தையும் மகனும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். 1990 முதல் 1999 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது மகனுக்கே கிடைத்தது. 1997-இல் 56 ஹோம் ரன் அடித்து, 147 ரன்களுக்கு வழிசெய்து, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை ஒருமனதாக வென்றார். 1999 முடிவில் அவர் கணக்கில் 398 ஹோம் ரன்கள் இருந்தன.

2000 பிப்ரவரியில் அவர் சின்சினாட்டி ரெட்ஸுக்குப் போனார். முதல் ஆண்டில் 40 ஹோம் ரன். அதன் பிறகு 2001-இல் 111 ஆட்டம், 2002-இல் 70, 2003-இல் 53, 2004-இல் 83. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் என்றால் நான்கு ஆண்டுக்கு 648. அவற்றுள் அவர் ஆடியது 317 மட்டுமே. அந்த நான்கு ஆண்டில் அடித்த ஹோம் ரன்கள் 63. சியாட்டிலின் கடைசி நான்கு ஆண்டில் அடித்தவையோ 209.

என் கருத்து இதுதான்: அவருடைய மட்டை கடைசிவரை பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. போனது கால்கள், கால்களோடு சேர்ந்து, அவருடைய தலைமுறையின் மிகச் சிறந்த சென்டர் ஃபீல்டரும் (ஆடுகளத்தின் நடுப் பின்பகுதியைக் காப்பவர்) போய்விட்டார். ஹோம் ரன் குறைந்ததைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

தாமரைச்செல்வி எழுதியது:

இளவழகன் அவர்களின் கருத்து சிந்திக்க வைக்கிறது. ஆனாலும் எண்களை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் இழப்பின் அளவை அவை மிகத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆரனையும் கிரிஃபியையும் ஒரே வயதில் நிறுத்திப் பாருங்கள். 30 வயதுச் சீசன் முடிந்தபோது ஆரனிடம் 366 ஹோம் ரன்கள் இருந்தன, கிரிஃபியிடம் 438. எழுபத்திரண்டு ஹோம் ரன் முன்னிலை என்பது சாதாரணமானதன்று. அதன் பிறகு ஆரன் 389 அடித்தார். கிரிஃபி அடித்தது 192. ஆரன் ஒரு சீசனில் 47-க்கு மேல் அடித்ததே இல்லை, கிரிஃபியோ இரண்டு முறை 56 அடித்தவர். ஆகவே ஆரனை உயர்த்தியது தனி ஒரு சீசனின் வெடிப்பு என்று சொல்ல முடியாது. 1955 முதல் 1970 வரை ஓர் ஆண்டுகூட அவர் 145 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடவில்லை என்பதுதான் அந்த 755-இன் அடித்தளம். காயம் படாமல் களத்தில் நிற்பதும் ஒரு திறமை என்று நான் எண்ணுகிறேன். அதில் ஆரனுக்கு நிகர் எவரும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1994-இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சீசன் ஆகஸ்டில் நின்றபோது கிரிஃபி 111 ஆட்டத்தில் 40 ஹோம் ரன் அடித்திருந்தார். அது காயத்தின் கணக்கில் வராது என்றாலும், 630 என்ற எண்ணைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது.

குமரவேள் எழுதியது:

காயங்களின் கதையைச் சின்சினாட்டியிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் 1995 மே 26-இலிருந்து தொடங்குவேன்.

அன்று மரினர்ஸின் அரங்கமான கிங்டோமில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு எதிரான ஆட்டம். கெவின் பாஸ் வலது-நடுப் பகுதிக்கு அடித்த பந்தை விரட்டிய கிரிஃபி, முழு வேகத்தில் சுவர்மீது பாய்ந்து அதைப் பிடித்தார். பந்து கையுறைக்குள் இருந்தது. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஓர் உலோகத் தகடும் ஏழு திருகுகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த ஆண்டு அவர் ஆடியது 72 ஆட்டம்தான்.

ஆகஸ்ட் நடுவில் திரும்பி வந்தார். ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜான் வெட்லாண்ட் வீசிய பந்தில் ஆட்டத்தை முடித்துவைக்கும் ஹோம் ரன் அடித்தார். அக்டோபரில் அதே யாங்கீஸுடன் நடந்த ஐந்து ஆட்டத் தொடரில் ஐந்து ஹோம் ரன். ஆனால் அந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஹோம் ரன்களை அன்று. ஐந்தாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் அவர் ஓடிய ஓட்டத்தைத்தான். மரினர்ஸ் 5-4 எனப் பின்தங்கியிருக்க, ஜோயி கோரா மூன்றாவது பேஸிலும் கிரிஃபி முதல் பேஸிலும் நிற்கிறார்கள் (மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன்). எட்கர் மார்ட்டினெஸ் இடது கோட்டோரமாக டபுள் (அடித்தவர் இரண்டாவது பேஸ்வரை போகும் அடி) அடிக்கிறார். கோரா எளிதாக உள்ளே வந்து ஆட்டத்தைச் சமன்செய்கிறார். முதல் பேஸில் நின்றவர் வழக்கமாக மூன்றாவதில் நின்றுவிடக்கூடிய அடி அது. கிரிஃபி இரண்டாவதைத் தாண்டும்போதே வேகம் குறையாமல் வளைந்து, மூன்றாவதில் ஒரு கணமும் தயங்காமல் திரும்பி, சறுக்கி ஹோம் பிளேட்டைத் தொடுகிறார். தொடரே அந்த ஓட்டத்தில் முடிந்தது. இளவழகன் சொல்லும் 'கால்கள்' என்ன என்று புரிந்துகொள்ள விரும்புவோர் அந்தக் காட்சியைப் பார்த்தால் போதும்.

ஆடுகளத் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிங்டோமில் கான்கிரீட்டின் மேல் விரித்த ஆஸ்ட்ரோடர்ஃப் செயற்கைத் தரையில் 1999 பாதிவரை பத்தாண்டுக்கும் மேல் அவர் ஓடினார். சின்சினாட்டியில் 2000-இல் அவருக்கு வாய்த்ததும் செயற்கைத் தரையே. அங்கே இயற்கைப் புல் வந்தது 2001-இல்தான். கால்கள் பழுதாகத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான் என்பதால், தரையைக் குற்றம் சொல்ல முடியாது என்று சிலர் வாதிடுகிறார்கள். பன்னிரண்டு சீசன்களின் அதிர்வு உடலில் தங்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். யாழினி அவர்கள் இதைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும்.

செந்தூரன் எழுதியது:

எல்லாவற்றையும் தரையின் மீதும் விதியின் மீதும் போட்டுவிடுவது நியாயமாக எனக்குப் படவில்லை. இயற்கையாகவே அமைந்த திறமையை நம்பி, உடலைப் பேணும் கடும் பயிற்சியில் கிரிஃபி போதிய அக்கறை காட்டவில்லை என்ற விமர்சனம் அவர் ஆடிய காலத்திலேயே இருந்தது. முப்பது வயதைத் தாண்டியபின் உடல் தன் கணக்கைக் கேட்கத்தான் செய்யும். 2001 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு காயம் என்றால், அதில் அவருக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லக்கூடாதா?

யாழினி எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். விளையாட்டு வீரர்களின் தொடைக் காயங்களை அன்றாடம் பார்க்கிறேன். கிரிஃபியை நான் பரிசோதித்ததில்லை என்பதால் பொதுவெளியில் வந்த விவரங்களையும் உடலியலையும் வைத்தே எழுதுகிறேன்.

ஹாம்ஸ்ட்ரிங் என்று நாம் சொல்வது தொடையின் பின்பக்கத்தில் உள்ள மூன்று தசைகளின் தொகுதி. மேலே அவை இடுப்பெலும்பின் அடிப்பகுதியில், நாம் உட்காரும்போது நாற்காலியில் அழுந்துகிற அந்த எலும்பு முனையில், தசைநாண் வழியாகப் பிணைந்திருக்கின்றன. கீழே முழங்காலைத் தாண்டி இறங்குகின்றன. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், இந்தத் தசைகள் மிக நீண்ட நிலையில் இருந்தபடியே காலின் வீச்சைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஹாம்ஸ்ட்ரிங் கிழிசல்கள் அந்தக் கணத்தில்தான் நிகழ்கின்றன. சென்டர் ஃபீல்டரின் வேலையை எண்ணிப் பாருங்கள். பல நிமிடம் அசையாமல் நிற்கிறார்; பந்து அடிபட்ட மறுநொடி உச்ச வேகத்துக்குப் போகிறார்; அந்த வேகத்திலேயே குனிகிறார், பாய்கிறார், சறுக்குகிறார். இந்தத் தசைக்கு இதைவிடக் கடுமையான வேலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செந்தூரன் அவர்களுக்கு என் பதில்: ஹாம்ஸ்ட்ரிங் மீண்டும் கிழிவதற்கான மிகப் பெரிய காரணி, அது முன்பு ஒருமுறை கிழிந்திருப்பதுதான். ஆறிய இடத்தில் உருவாகும் வடுத்திசு, பழைய தசையைப் போல நீண்டு கொடுப்பதில்லை. வலியைத் தவிர்க்க உடல் ஓட்டத்தின் முறையையே மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் மறுகாலுக்கும் முழங்காலுக்கும் சுமையை ஏற்றுகிறது. 2001-இல் இடது ஹாம்ஸ்ட்ரிங், 2002-இல் வலது முழங்காலும் ஹாம்ஸ்ட்ரிங்கும், 2003-இல் வலது கணுக்காலில் தசைநாண் அறுதல், 2004-இல் வலது ஹாம்ஸ்ட்ரிங் என்ற வரிசையைப் பார்க்கும்போது, இவை ஒன்றையொன்று தொட்டு வந்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று என் தொழிலில் உள்ள பலரும் சொல்வார்கள். ஒழுங்கான பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் 2003 ஏப்ரலில் பந்துக்காகப் பாய்ந்து விழுந்ததில் வலது தோள் மூட்டு நழுவியதே, அதற்கும் எடைப் பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று சொல்ல முடியுமா?

2004 தனியாகச் சொல்ல வேண்டியது. ஜூலையில் வலது ஹாம்ஸ்ட்ரிங் ஓரளவு கிழிந்தது. ஆகஸ்டில் திரும்பி வந்த சில நாட்களிலேயே, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பந்தை விரட்டும்போது அது எலும்பிலிருந்து முழுவதுமாகப் பிய்ந்துவிட்டது. ரெட்ஸ் அணியின் மருத்துவ இயக்குநர் திமோத்தி கிரெம்செக் மூன்று டைட்டானியம் திருகுகளைக் கொண்டு அதை எலும்போடு மீண்டும் பொருத்தினார். ஒரு பேஸ்பால் வீரருக்கு அப்படிச் செய்வது அக்காலத்தில் சோதனை முயற்சியாகவே கருதப்பட்டது. பொருத்திய இடம் இழுபடாமல் இருக்க, முழங்காலை 90 பாகையில் மடக்கிய நிலையில் காலைத் தொங்குபட்டையில் வாரக்கணக்கில் கட்டிவைத்தார்கள். அக்டோபர் கடைசிவரை அந்தக் காலை அவர் அசைக்க முடியவில்லை. அவ்வளவு நாள் அசையாத தொடை எப்படி மெலிந்துபோகும் என்பதை நான் கண்ணால் பார்க்கிறவள். அடுத்த ஏப்ரலில் அவர் சென்டர் ஃபீல்டில் நின்றார் என்பது எனக்கு எத்தனையோ ஹோம் ரன்களைவிடப் பெரிய செய்தி.

தரையைப் பற்றிக் குமரவேள் கேட்டிருந்தார். கடினமான செயற்கைத் தரை முழங்கால், கணுக்கால் மூட்டுகளுக்கு நல்லதன்று. அதற்கு மேல், ஒரு தனிமனிதரின் குறிப்பிட்ட கிழிசலுக்கு அதுதான் காரணம் என்று எவராலும் நிறுவ முடியாது.

இளவழகன் எழுதியது:

யாழினி அவர்களின் பதிவுக்கு மனமார்ந்த நன்றி. 2005-ஐ அவர் குறிப்பிட்டதால் அங்கிருந்தே தொடர்கிறேன். 35 வயதில், திருகு வைத்துக் கட்டிய காலோடு, 128 ஆட்டத்தில் 35 ஹோம் ரன், மட்டைச் சராசரி .301, நேஷனல் லீகின் மீண்டெழுந்த வீரர் விருது. மட்டை பிழைத்தது என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கால்கள் போனதற்கான சான்று பேஸ் திருட்டுக் கணக்கில் (பந்து வீசப்படும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) இருக்கிறது. 1999-இல் மட்டும் அவர் 24 பேஸ் திருடினார். 2001 முதல் 2010-இல் ஓய்வு பெறும்வரை பத்துச் சீசன்களில் திருடியவை மொத்தம் 11. 2005-இல் ஒன்றுகூட இல்லை. அவர் அடித்த 35-ஐப் பாராட்டியவர்கள் இந்தச் சுழியத்தைக் கவனிக்கவில்லை. 1999-க்குப் பிறகு கோல்ட் கிளவ்வும் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2007-இல் ரெட்ஸ் அவரை வலது ஓரமான ரைட் ஃபீல்டுக்கு மாற்றியது.

முன்னர் கிரிஃபி பந்தைப் பார்த்து ஓடுவதில்லை. அடிபட்ட ஒலியைக் கேட்டதும் திரும்பி, சுவரை நோக்கி முதுகு காட்டி ஓடி, தோளுக்கு மேலாகப் பந்தை வாங்குவார். பந்து வீசும் பிட்சர் தவறு செய்தாலும் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற துணிவை அது மொத்த அணிக்கும் கொடுத்தது. அதை எந்த எண்ணிலும் முழுதாகப் பிடிக்க முடியாது என்பதால்தான் ஹோம் ரன் மட்டுமே பேசப்படுகிறது என்று எண்ணுகிறேன்.

கதிரவன் எழுதியது:

இதுவரை எவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கிரிஃபி போய்ச் சேர்ந்த லீக் அவருடைய உடலுக்கு ஏற்றதன்று.

அமெரிக்கன் லீகில் டிஎச் விதி இருந்தது: பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அவர் ஃபீல்டிங் செய்ய வேண்டியதில்லை. ரெட்ஸ் ஆடிய நேஷனல் லீகில் அந்த விதி 2022-இல்தான் நிலையாக வந்தது. ஆகவே சின்சினாட்டியில் கிரிஃபிக்கு இரண்டு வழிகளே இருந்தன. முழு ஆட்டமும் களத்தில் ஓட வேண்டும், இல்லையேல் வெளியே உட்கார்ந்திருந்து அவ்வப்போது பிஞ்ச் ஹிட்டராக (வேறொருவருக்குப் பதிலாக மட்டை பிடிப்பவராக) வர வேண்டும். தொடை சற்று இறுகியிருக்கும் நாளில் மட்டையை மட்டும் பிடித்துவிட்டுக் காலுக்கு ஓய்வு கொடுக்கும் வசதி அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. யாழினி சொன்ன மறுகிழிசல்களைத் தவிர்க்க வேண்டிய ஆண்டுகளில்தான் அவர் அந்த லீகில் இருந்தார்.

இதற்காக அவரைக் குறைசொல்ல நான் துணியமாட்டேன். சின்சினாட்டி அவர் வளர்ந்த ஊர். தந்தை ஆடிய அணி. ஒன்பது ஆண்டுக்கு 11.65 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டுதான் அங்கே போனார். 2009-இல் சியாட்டிலுக்குத் திரும்பியபோது, பெரும்பாலும் டிஎச்சாக ஆடி, 39 வயதில் 19 ஹோம் ரன் அடித்தார். பழுதான காலுக்கு அந்த ஏற்பாடு 2001-இலிருந்தே கிடைத்திருந்தால் தாமரைச்செல்வி அவர்களின் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

மணிமேகலை எழுதியது:

1950, 60களின் யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மாண்டிலை எவரும் குறிப்பிடவில்லையே. ஆற்றல், வேகம், சென்டர் ஃபீல்ட், பழுதான கால்கள் எல்லாம் இருவருக்கும் பொதுவாயிற்றே?

குமரவேள் எழுதியது:

மிகப் பொருத்தமான கேள்வி, அம்மா. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான 1951 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், எதிரணியின் வில்லி மேஸ் அடித்த பந்துக்காக ஓடிய 19 வயது மாண்டில், சக வீரர் ஜோ டிமாஜியோவுக்கு வழிவிட்டுச் சட்டென்று நின்றபோது கால் ஒரு வடிகால் மூடியில் மாட்டி வலது முழங்கால் பழுதானது. இன்றைய அறுவை சிகிச்சை முறைகள் இல்லாத காலம். அந்த முழங்காலோடே மேலும் 17 சீசன் ஆடினார். அவருடைய மொத்தம் 536 ஹோம் ரன்கள். 2005 சீசன் முடிந்தபோது கிரிஃபியின் எண்ணிக்கையும் சரியாக 536.

வேறுபாடு ஒன்று உண்டு. மாண்டிலுக்குத் தொடக்கத்திலேயே கால் போனது. முழு நலத்தோடு இருந்த மாண்டில் எப்படி ஆடியிருப்பார் என்பதை உலகம் ஒரு சீசனுக்கு மேல் பார்க்கவில்லை. கிரிஃபியைப் பத்தாண்டு முழுதாகப் பார்த்தோம். இழப்பு இவ்வளவு உறைப்பதற்கு அதுவே காரணம்.

தாமரைச்செல்வி எழுதியது:

கதிரவன் சொன்ன டிஎச் விளக்கம் என் கணக்குக்கு வலு சேர்க்கிறது. காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரிஃபி கால் காயத்தோடு போராடிய 2001-இல் பேரி பாண்ட்ஸ் 73 ஹோம் ரன் அடித்தார். ஊக்கமருந்து ஐயம் அக்காலத்தின் பல பெரிய பெயர்களைச் சூழ்ந்தது. பேஸ்பாலில் ஊக்கமருந்துப் பயன்பாட்டை விசாரித்த 2007-இன் மிட்செல் அறிக்கையில் கிரிஃபியின் பெயர் இல்லை. முப்பதைத் தாண்டிய உடல் தேய்வதும் கிழிவதும் இயல்பு. அந்த இயல்பை மறைக்காத ஒருவரின் எண்ணிக்கை 630 என்றே நான் அதைப் படிக்கிறேன். 2016-இல் பேஸ்பாலின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 440 பேரில் 437 பேர் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்; அதுவரை எவருக்கும் கிடைக்காத 99.3 விழுக்காடு அது.

செந்தூரன் எழுதியது:

யாழினி அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். பயிற்சி பற்றிய என் கருத்தும் அப்படியே நிற்கிறது. ஆனால் இளவழகன் அவர்களிடம் ஒரு கேள்வி. இழந்தது சென்டர் ஃபீல்ட் என்கிறீர்கள். அதே சென்டர் ஃபீல்ட்தான் அவரை உடைத்தது என்று யாழினி சொல்கிறார். அப்படியானால் ரெட்ஸ் அவரை 2007-இல் மாற்றியதற்குப் பதில் 2002-இலேயே ஓரத்துக்கு மாற்றியிருக்க வேண்டாமா?

யாழினி எழுதியது:

மருத்துவக் கண்ணோட்டத்தில் மட்டும் சொல்கிறேன்: மாற்றியிருக்கலாம். ரைட் ஃபீல்டிலும் ஓட வேண்டும், பாய வேண்டும். ஆனால் காக்க வேண்டிய பரப்பு குறைவு என்பதால் உச்ச வேக ஓட்டங்களின் எண்ணிக்கை குறையும். இரண்டாவது கிழிசலுக்குப் பிறகு அந்த எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது. 2007-இல் ரைட் ஃபீல்டில் நின்று 144 ஆட்டம் ஆடினார். 2000-க்குப் பிறகு அவர் ஆடிய அதிக எண்ணிக்கை அதுதான்.

இளவழகன் எழுதியது:

செந்தூரன் அவர்களின் கேள்வி கூர்மையானது. நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், 2002 முடிவிலாவது மாற்றியிருக்க வேண்டும். 116 மில்லியன் டாலரைத் தாண்டிய ஒப்பந்தத்தில் கொண்டுவந்த சென்டர் ஃபீல்டரை இரண்டே ஆண்டில் ஓரத்துக்கு அனுப்ப ஓர் அணிக்குத் துணிவு வேண்டும். பத்து கோல்ட் கிளவ் வைத்திருக்கும் வீரரும் அதை எளிதில் ஏற்கமாட்டார். மாற்றியிருந்தால் 700 ஹோம் ரன்களை அவர் தொட்டிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் சென்டர் ஃபீல்டில் ஓடிய கிரிஃபி 32 வயதிலேயே முடிந்துபோயிருப்பார். 1995-இல் சுவரில் மோதாமல் அந்தப் பந்தைப் பிடிக்காமல் விட்டுவிடுகிற ஃபீல்டராக அவர் இருந்திருந்தால் மணிக்கட்டு முறிந்திருக்காது. பத்து கோல்ட் கிளவ்வும் வந்திருக்காது.

அடுத்ததாக, 2007 ஜூனில் ரெட்ஸ் வீரராகச் சியாட்டிலுக்கு அவர் முதன்முறை திரும்பிச் சென்ற மூன்று ஆட்டங்களைப் பற்றிக் குமரவேள் எழுதினால் இழை நிறைவாக இருக்கும். கடைசி ஆட்டத்தில் அவர் இரண்டு ஹோம் ரன் அடித்தார். இரண்டையும் அடித்தது ரைட் ஃபீல்டில் நின்ற கிரிஃபி.